ஆவுடைநத்தத்தில் பெய்த சீட்டு

பங்குனி மாதம் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு ஆவுடைநத்தத்தில் சீட்டு பெய்யத் தொடங்கியது. ரம்மி ஆடுகிற சீட்டுதான். முதலில் ஒரு டைமன் ஏழு தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்தது, பிறகு ஒரு கிளாவர் ராஜா சலூன்காரர் உதறுவதற்காக விரித்துப் பிடித்திருந்த துண்டில் விழுந்தது, பிறகு ஆட்டினும் இஸ்பேட்டும் கிளாவரும் டைமனுமாக, இலை அசையாத அந்தக் காலையில், சுழன்று சுழன்று, ஒரு அவசரமும் இல்லாமல், வேலிக்கருவைக் காட்டின் மேலும் தீப்பெட்டி ஆபீஸ்களின் தகரக் கூரைகள் மேலும் பள்ளிக்கூட மைதானத்தின் மேலும் இறங்கி, சரியாகப் பதினொன்றுக்கு நின்றது. "மேகம் கறுக்கவே இல்லையே, என்னடா சத்தம்னு பார்த்தேன்" என்று சொல்லி சலூன்காரர் துண்டை உதறி அடுத்த ஆளுக்குப் போர்த்தினார்.

மறுநாளும் பத்தரைக்குப் பெய்தது. அதற்கு மறுநாளும் பெய்தது. ஊருக்கு அது பழகிப்போவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வடகம் காயப்போடுகிற பெண்கள் பதினொன்றுக்கு மேல் காயப்போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் இடைவேளையைப் பத்தரையிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளிவைத்தார்கள், ஒன்றாம் வகுப்பு டீச்சர் கூட்டல் கழித்தலுக்குக் குச்சியை விட்டுவிட்டு ஒன்பது வரைக்குமான சீட்டுகளை எடுத்துக்கொண்டார். வெள்ளாடுகள் முதலில் எல்லாவற்றையும் மேய்ந்து பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் சீட்டை ஒதுக்கிக் காகிதச் சீட்டை மட்டும் தின்னப் பழகின. தினமும் மழையளவு எழுதி அனுப்ப வேண்டிய ஊழியர், மழைமானியில் விழுந்ததை அப்படியே, "இன்று இரண்டு சீட்டு, இரண்டும் சிவப்பு" என்று எழுதி அனுப்பினார். மேலேயிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை. கொழும்புப் பக்கம் ஏதோ கப்பல் கவிழ்ந்து சரக்கைக் காற்று தூக்கியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்ய நகரத்திலிருந்து மூன்று பேர் வந்து ஒரு பெட்டி நிறையப் பொறுக்கிக்கொண்டு போனார்கள், அவர்களில் ஒருவர் மட்டும் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார், கிளாவர் ஜாக்கி ஒன்று குறைகிறது, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு.

குறைகிறது என்பதுதான் ஊரின் சங்கடமும். வானத்திலிருந்து விழுந்தது சீட்டு, கட்டு இல்லை. ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு, ஒன்று வழுக்கல், ஒன்று சொரசொரப்பு. ஒன்றின் முதுகில் நீலக் கொடி, இன்னொன்றின் முதுகில் அதே நீலக் கொடி, ஆனால் ஒரு நூல் தள்ளி. புளியமரத்தடிக்காரர்கள் ஐம்பத்திரண்டைப் பொறுக்கிச் சேர்த்து ரம்மி ஆடினார்கள், மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி கையிலிருப்பது என்ன என்று எல்லோருக்கும் முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது, ஆட்டம் சண்டையில் முடிந்தது. அதன்பிறகு ஊர் சீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்தது.

இத்தனைக்கும் அந்தச் சீட்டுகளை ஏறெடுத்துப் பார்க்காத ஒரே ஆள் குருவம்மாள். காலை பத்தரைக்கு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பதினொன்றுக்கு வெளியே வந்து, வாசலில் கிடப்பதை ஈர்க்குமாறால் குனிந்து பார்க்காமலே தள்ளிவிடுவாள்.

ஊர் எல்லையில் இருந்த சீட்டாபீஸில் அவள் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேஜையில் வேலை பார்த்தவள். பெரிய தாளில் அச்சாகி, வெட்டாகி, மூலை உருட்டி வருகிற சீட்டுகளை ஐம்பத்திரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்தானா என்று பார்த்துக் கட்டுப்போடுகிற வேலை. மற்றப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். குருவம்மாள் விரலால் பார்த்தாள். கட்டை விரலை ஓரத்தில் ஒருமுறை ஓட்டினால் போதும், கத்தி எந்தப் பக்கமிருந்து இறங்கியது, தாள் நீளவாக்கில் ஓடியதா அகலவாக்கில் ஓடியதா, மேல்பூச்சு எத்தனை நாளில் காய்ந்தது, எல்லாம் அவளுக்குச் சேதியாக வந்துவிடும்.

போன ஐப்பசியில் ஒரு லோடில் நான்கு ஏஸும் வேறு தாளிலிருந்து வந்து கலந்திருந்தன. முதுகில் நீலம் ஒரு இழை கூடுதல். அவள் சாக்பீஸால் குறிபோட்டு அந்தப் பெட்டிகளை ஒதுக்கி வைத்தாள். அவசர ஆர்டர் என்று ஒதுக்கியதும் சேர்ந்தே போய்விட்டது. எங்கோ ஒரு மனமகிழ் மன்றத்தில் அந்தச் சீட்டில் ஆடியவர்களுக்குள் கைகலப்பாகி, கட்டுகள் பெட்டியோடு திரும்பி வந்தன. முதலாளி தவசிலிங்கம் செக்கிங் ஹாலுக்கே வந்தார். முப்பத்தொன்பது பெண்கள் மேஜையில் இருந்தார்கள்.

"குருவம்மா, உன் விரல் செத்துப்போச்சு. இனி அது சோறு பெசையத்தான் ஆகும். நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்றார்.

ஒதுக்கி வைத்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுகை வந்திருக்கும், அந்த ஹாலில் அழுவதற்கு அவள் தயாராக இல்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தவள், அன்றோடு சீட்டை விட்டாள்.

சீட்டு அவளை விடவில்லை. பெய்யத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், ஓட்டுக்கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருந்த சந்து வழியாக ஒரு சீட்டு இறங்கி, அவள் ஆட்டிக்கொண்டிருந்த தோசை மாவில் விழாமல், குழவியைப் பிடித்திருந்த கையின் மேல் வந்து உட்கார்ந்தது. இதயம் போட்ட ஆட்டின் நாலு. ஈரக் கையோடு அவள் அதை எடுத்தாள், வெளியே எறியத்தான் எடுத்தாள், ஆனால் அதற்குள் கட்டை விரல் தன்பாட்டுக்கு ஓரத்தில் ஓடிவிட்டது. முகத்துப் பக்கமிருந்து கத்தி இறங்கிய வெட்டு. நீளவாக்குத் தாள். நிதானமாகக் காய்ந்த பூச்சு. சீட்டாபீஸில் இப்படிச் சீட்டு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. அவள் மாவை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய், முழங்காலளவு குவிந்து கிடந்ததில் கையை விட்டுத் துழாவி, கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாலுக்குக் கூடப்பிறந்த ஒரு இஸ்பேட் ஒன்பதை வெளியே எடுத்தபோது, "செத்துப்போகலை" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் புருஷன் சங்கிலி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மத்தியானம் சாப்பிட வந்தவன், மாவு பாதி ஆட்டியபடி உரலில் கிடப்பதையும் பெண்டாட்டி சீட்டுக் குவியலுக்குள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான்.

"என்ன பிள்ள, வேலைக்கு எடுத்துட்டாகளா?"

"யாரு எடுக்கணும்? நானே எடுத்துக்கிட்டேன்."

"மேல இருக்கிறவன் கட்டாக் கட்டிப் போட்டிருந்தா உனக்கு இம்புட்டுப் பாடு இல்ல."

"கட்டாப் போட்டா நான் எதுக்கு?" என்றாள் அவள். சங்கிலி கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஊறுகாயோடு பழைய சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டு லாரிக்குப் போனான்.

முதல் கட்டு சேரப் பத்தொன்பது நாள் ஆனது. இரண்டாவதற்கு ஆறு நாள். அதன்பிறகு ஊர் தானாக அவளிடம் வந்தது. ஓரமாகக் கட்டி வைத்த சாக்குகளை ஆட்கள் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், டீச்சர் கணக்குப் பாடத்துக்கு எடுத்த சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் பழையபடி குச்சிக்குப் போனார். சீட்டாபீஸில் அவள் பக்கத்து மேஜையில் இருந்த பேச்சியம்மாள் ஷிப்ட் முடிந்து நேராக இங்கேதான் வந்தாள், அவளோடு இன்னும் ஆறு பேர் வந்தார்கள், வெயில் தாழும்வரை தார்ப்பாய் அடியில் உட்கார்ந்து நிறம் பிரித்துக் கொடுத்தார்கள்.

"மயினி, ஆபீஸ்ல உன் மேஜையில யாரையும் போடலை. சும்மாதான் கெடக்கு" என்றாள் பேச்சி.

"கெடக்கட்டும்" என்றாள் குருவம்மாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கை மட்டும் ஒரு நொடி நின்று பிறகு ஓடியது.

சித்திரைக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து பிளாரன்ஸ் வந்தாள். பள்ளிக்கூட விழாவிலும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மேஜிக் செய்கிறவள், முப்பது வயதிருக்கும், பஸ்ஸை விட்டு இறங்கும்போது பத்தே முக்கால். தலையில் விழுந்த சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே விசாரித்து வந்து கட்டில் முன்னால் நின்றாள்.

"அக்கா, போன மாசம் ஒரு கல்யாணத்துல சீட்டு கையை விட்டு மொத்தமாக் கொட்டிருச்சு. சபையே சிரிச்சிச்சு. நல்ல சீட்டுதான், வெளிநாட்டுது. என் கை சரியில்லையோன்னு அன்னியிலேர்ந்து தூக்கமில்லை."

குருவம்மாள் சீட்டைப் பார்க்கவில்லை. "கையை நீட்டுங்க தாயி" என்றாள். நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பிடித்து, உள்ளங்கையை அழுத்தி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"கைக்கு ஒரு குறையும் இல்ல. சின்னக் கை, அதோட கடல்காத்துல வேர்க்கிற கை. நீங்க வச்சிருந்தது வெறைச்ச சீட்டு. உங்க கைக்கு அடங்காது."

அவள் எழுந்து உள்ளே போய் மூன்று கட்டுகளைக் கொண்டு வந்தாள். முதல் கட்டை பிளாரன்ஸ் விசிறியாக விரித்தபோது நடுவில் நான்கு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதை விரித்தபோது அது மயில் தோகை மாதிரி ஒரே இழைப்பில் விரிந்து, ஒரே இழைப்பில் மூடியது. பிளாரன்ஸ் மறுபடி விரித்தாள். மறுபடி மூடினாள்.

"மேல தடவிப் பாருங்க, ஊசிமுனை கணக்காக் குழி குழியா இருக்கும். அதுல காத்து நிக்கும். சீட்டு மேல சீட்டு ஒட்டாது, ஆனா ஓடியும் போகாது. ஓரத்தைப் பாருங்க, முகத்துப் பக்கமிருந்து வெட்டினது. ரெண்டு பாதியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோக்கணும்னா இந்த வெட்டுதான் வழிவிடும். முதுகுல சுத்தி வெள்ளைக் கரை விட்டிருக்கு. நடுவுல ஒரு சீட்டை நீங்க திருப்பி வச்சிருந்தாலும் கரையோட கரை சேர்ந்து காட்டிக்கொடுக்காது."

பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். "அக்கா, இது எங்க தொழில் ரகசியம். உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை தாயி. சீட்டுல இருக்கு."

"இதைவிட அழகா, தங்கக் கொடி போட்டு ஒண்ணு அங்க இருக்கே. அது ஆகாதா?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"வேண்டாம். டீக்கடையில கெடக்கிற சீட்டு மாதிரி இருக்கணும். சீட்டு பகட்டா இருந்தா ஜனம் சீட்டைச் சந்தேகப்படும். சீட்டு சாதாரணமா இருந்தா உங்களைப் பார்த்து அதிசயப்படும்."

அந்த வாரமே தூத்துக்குடியில் பிளாரன்ஸ் எண்ணூறு பேருக்கு முன்னால் மேஜிக் செய்தாள், ஒரு சீட்டும் கீழே விழவில்லை, சேதி பரவியது. மேஜிக்காரர்கள் வரிசையாக ஆவுடைநத்தத்துக்கு வரத் தொடங்கினார்கள். பஸ் ஸ்டாப்பில் இளநீர் விற்கிறவர், கோட்டு போட்டவர் யார் இறங்கினாலும் கேட்காமலே குருவம்மாள் வீட்டுப் பக்கம் அரிவாளை நீட்டிக் காட்டினார். எல்லோரிடமும் அவள் முதலில் கையைத்தான் கேட்டாள். ஒருவரின் பெரிய கைக்குத் தடித்த சீட்டு, கிழவர் ஒருவரின் நடுங்கும் கைக்கு ஏற்கெனவே பழகி இளகிய சீட்டு.

வைகாசியில் வந்தவர் மேஜர் அருமைநாயகம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, மலைமேல் இருக்கிற ஒரு மன்றத்துக்குச் செயலாளராக இருப்பவர், நிமிர்ந்த முதுகும் நரைத்த மீசையுமாக ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எங்க மன்றத்துல வருஷா வருஷம் போக்கர் போட்டி நடக்கும். நாலு மாநிலத்துலேர்ந்து வருவாங்க. போன வருஷம் சீட்டுல குறி இருக்குன்னு தகராறாகிப் போட்டியே நின்னுபோச்சு. இந்த வருஷம் ஒரு பேச்சு வரக் கூடாது."

"அந்த ஆட்டம் எனக்குத் தெரியாதுங்கய்யா. எப்படி ஆடுவீக?"

மேஜர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. கையிலிருப்பது பெரிதோ சிறிதோ, முகத்தில் காட்டாமல் ஆட வேண்டும்.

"மூடின சீட்டைக் கையில தூக்குவீகளா, மேஜையிலேயே வச்சு மூலையை மட்டும் நிமித்திப் பாப்பீகளா?"

"மூலையைத்தான்."

"அப்பக் காகிதம் ஆகாது. காகிதம் ஒருதரம் மடங்கினா அதை மறக்கவே மறக்காது. பிளாஸ்டிக் உடனே மறந்திரும். நகம் பட்டாலும் குறி நிக்காது. மூலையில எண்ணு பெரிசா இருக்கணும், கொஞ்சமா நிமித்தினாலே தெரியணும். முதுகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கணும்."

அவள் எடுத்துக் கொடுத்ததை மேஜர் வெயிலில் பிடித்துப் பார்த்தார், ஜீப்பின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தார், தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் காத்திருந்த ஒரு மேஜிக்காரரின் கையிலிருந்த கட்டைக் காட்டி, "இதுவும் நல்ல சீட்டுன்னுதானே கொடுத்தீங்க? ஏன் எனக்கு இதைக் கொடுக்கலை?" என்று கேட்டார்.

"அவுக ஆட்டத்துல சீட்டு அவுக பேச்சைக் கேக்கணும்" என்றாள் குருவம்மாள். "உங்க ஆட்டத்துல சீட்டு யாரு பேச்சையும் கேக்கக் கூடாது."

மேஜர் எழுந்து நின்றார். மன்றத்தில் பெரிய மனிதர்கள் வரும்போது நிற்பது போல நின்று, பத்துக் கட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தவசிலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக அந்த மன்றத்துக்குச் சீட்டு அனுப்பி வந்தது அவருடைய ஆபீஸ்தான். மறுநாள் பஞ்சாயத்துத் தலைவியிடம் மனுக் கொடுத்தார்: விழுகிற சீட்டில் பாதிக்கு மேல் முதுகில் இருப்பது தன்னுடைய நீலக் கொடி, ஆகவே விழுவதெல்லாம் தன் ஆபீஸ் சரக்கு, குருவம்மாள் அதைத் தொடக் கூடாது. தலைவி மனுவை இரண்டு தரம் படித்தார். மேஜரையும் வரச்சொன்னார். சீட்டு விஷயம், சீட்டு தெரிந்தவர் சொல்லட்டும் என்று அவரிடமே விட்டார்.

மேஜர் யோசித்துச் சொன்னார்: "முதலாளியோட ஆபீஸ் கட்டு பத்து. இந்த அம்மா சேர்த்த கட்டு பத்து. எல்லாமே நீலக் கொடி போட்டது. ரெண்டையும் ஒரே குவியலாக் கலைச்சுப் போடுவோம். இது என் சரக்குன்னு சொல்றவர், தன் பிள்ளையைப் பிரிச்சு எடுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஜமுக்காளம் விரித்து ஆயிரத்து நாற்பது சீட்டுகளையும் கொட்டினார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது, தீப்பெட்டி ஆபீஸ்களில் அரைநாள் லீவு விட்டிருந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து பிளாரன்ஸ் வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். குவியலின் ஒரு பக்கம் தவசிலிங்கத்தின் மூன்று சூப்பர்வைசர்கள், கையில் பூதக்கண்ணாடியும் தடிப்பு அளக்கிற கருவியுமாக. மறுபக்கம் குருவம்மாள். பேச்சி கூட உட்கார வந்தபோது, "நீ இரு. இது என் ஒருத்தி விரலைப் பத்தின பேச்சு" என்று அனுப்பிவிட்டாள். பத்து மணிக்குத் தொடங்கினார்கள்.

பத்தரைக்கு வழக்கம்போலப் பெய்தது.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. குடையை விரித்துக் குவியலுக்கு மேல் பிடிக்க நாலு பேர் ஓடினார்கள், அதற்குள் நூறு இருநூறு புதுச் சீட்டுகள், நீலக் கொடி போட்டவையும் போடாதவையுமாக, குவியலுக்குள் விழுந்து கலந்துவிட்டன. சூப்பர்வைசர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள். ஒருவர், "இனி இதை மனுஷரால பிரிக்க முடியாதுங்க" என்றார். மற்ற இருவரும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

குருவம்மாள் எழவில்லை. அவள் மேலும் சீட்டு விழுந்தது, தலையில், தோளில், மடியில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டை விரல் ஓரத்தில் ஓடும், கை நகரும், சீட்டு ஒரு அடுக்கில் உட்காரும். மறுபடி விரல் ஓடும், கை நகரும், சீட்டு இன்னொரு அடுக்கில் உட்காரும். நெல் புடைக்கிற தாளத்தில் அது நடந்தது, பதினொன்றுக்கு மழை நின்றது, பன்னிரண்டுக்கு வெயில் உச்சிக்கு வந்தது, சங்கிலி லாரியை மைதானத்து ஓரமாகக் கொண்டுவந்து அவள் மேல் நிழல் விழுகிறபடி நிறுத்தினான், பிளாரன்ஸ் மோர் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள், கை நிற்கவில்லை, ஒரு மணி, இரண்டு மணி, அடுக்குகள் ஐந்தாகிப் பத்தாகிப் பதினைந்தாகின, மூன்றரை மணிக்கு அவள் கண்ணைத் திறந்தபோது அவளைச் சுற்றி இருபது அடுக்குகளும், புதிதாக விழுந்தவை தனிக் குவியலாகவும், அதற்கும் அப்பால் தனியாக நான்கு சீட்டுகளும் இருந்தன.

மேஜர் எண்ணினார். பத்தொன்பது அடுக்குகளில் ஐம்பத்திரண்டு. முதலாளியுடையது என்று அவள் தனியாக வைத்திருந்த பத்தில் ஒன்றில் மட்டும் நாற்பத்தெட்டு.

"இது குறையுதே அம்மா. முதலாளியோட கட்டு."

"குறையத்தான் செய்யும். இந்த நாலும் அதுக்குள்ள இருந்ததுதான், ஆனா அதோட கூடப்பிறந்தது இல்ல. வேற தாளு. நான் சேக்க மாட்டேன்."

மேஜர் அந்த நான்கையும் எடுத்துத் திருப்பினார். நான்கும் ஏஸ். அந்தக் கட்டின் வேறு சீட்டுகளுக்கு நடுவே முதுகு தெரிய வைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது: நீலம் ஒரு இழை கூடுதல், ஐப்பசியில் பெட்டியோடு திரும்பி வந்த அதே லோடு. கூட்டத்தில் இருந்த சீட்டாபீஸ் பெண்கள் முப்பத்தொன்பது பேருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் நின்றாள். முப்பத்தொன்பது பேரும் நின்றார்கள், எல்லோரும் தவசிலிங்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் நான்கு சீட்டையும் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதலாளியானாலும் சீட்டுத் தொழிலிலேயே நரைத்தவர், பார்த்தபின் பார்க்கவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"குருவம்மா, நாளைக்கே வந்துரு. செக்கிங் ஹால் முழுசும் உன் பொறுப்பு. சூப்பர்வைசரா வா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வேலை வேண்டாம் முதலாளி" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "அன்னைக்கு முப்பத்தொன்பது பேர் முன்னால ஒண்ணு சொன்னீகள்ல? அந்த முப்பத்தொன்பது பேரும் இங்கதான் இருக்காக."

தவசிலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்து நின்றார். "அன்னைக்குக் குருவம்மா ஒதுக்கி வச்சதுதான் சரி. ஒதுக்கினதை ஏத்தச் சொன்னது நான்" என்றார்.

குருவம்மாள் தலையை ஒருமுறை அசைத்தாள். ஏழு மாதமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது கரைந்து இறங்கியது, கண்ணில் நீர் வந்தது, இந்த முறை அதை அவள் மறைக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவி மனுவின் கீழேயே எழுதினார்: ஊரில் பெய்வது ஊருக்கு, அதைக் கட்டாக்கத் தெரிந்தவர் கட்டு.

மேஜர் ஜீப்பிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து வந்தார். மன்றத்து விதிப்படி, போட்டிக்கு எடுக்கும் சீட்டில் செய்தவர் பெயர் இருக்க வேண்டும், வழக்கமாக அது இஸ்பேட் ஏஸில் நடுப் பூவைச் சுற்றி அச்சாகியிருக்கும். வானத்திலிருந்து விழுந்த ஏஸில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"யார் பேரைப் போடுறது?" என்றார் மேஜர்.

டீச்சர் அழியாத மை ஊற்றிய பேனாவைக் கொடுத்தார். குருவம்மாள் அதை வாங்கி, சீட்டை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினாள். சீட்டில் எதையும் எழுதாமல், எழுதவிடாமல் இருபத்திரண்டு வருஷம் காவல் இருந்தவள். மூன்று சூப்பர்வைசர்களில் ஒருவர், "சீட்டுல பேனா வைக்கலாமாங்க?" என்று மேஜரிடம் மெதுவாகக் கேட்டார்.

பதில் குருவம்மாளே சொன்னாள். "முதுகுல எழுதினாத்தான் களவாணித்தனம். இது முகம்."

இஸ்பேட் பூவின் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, 'கு. குருவம்மாள், செக்கிங், ஆவுடைநத்தம்' என்று எழுதி, மை காயும்வரை ஊதினாள். பிறகு தலைநிமிர்ந்து, அதே சீட்டுக்கட்டில் மிச்சமிருந்த மூன்று ஏஸையும் உருவி எடுத்து, "பேச்சி, இங்க வா. உன் பேரை எழுது. எல்லாரும் வரிசையா வாங்க, பத்துக் கட்டு இருக்கு, ஆளுக்கு ஒரு ஏஸு" என்று கூப்பிட்டாள்.